தொட்டியில் வாய் வைக்காத மாடுகள்

தம்பியின் பண்ணையில் பதினெட்டு மாடுகள். கறப்பது, கழுவுவது, தண்ணீர் காட்டுவது எல்லாம் அக்கா தலையில்தான். கணவர் இறந்தபின் இங்கே வந்து சேர்ந்தவள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

புதுத் தண்ணீர் மோட்டார் மாட்டிய சில வாரங்களில் மாடுகள் மாறிப்போயின. கொட்டகை வாசலிலேயே காலை ஊன்றிக்கொண்டு நின்றன. இரும்புத் தொட்டியில் மூக்கு பட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். தாகம் தாங்காதபோது நாக்கு நுனியால் நக்கும். கறவை மெஷினை மாட்டினால் உதறித் தள்ளும். இரண்டு மணி நேர வேலை நான்கு மணி நேரமானது. பாலும் குறைந்தது.

"உன் கை முரடாயிடுச்சுக்கா. உன்னைக் கண்டாலே அதுங்களுக்கு ஆகல," என்றான் தம்பி.

அவள் அடுத்த மாட்டிடம் நகர்ந்தாள். படுத்தால் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அவன் சொல்வதுதான் சரியோ என்று காய்த்துப்போன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை கரண்ட் போய்விட்டது. வேறு வழியின்றி முக்காலி போட்டுக் கையால் கறந்தாள். ஒரு மாடும் உதைக்கவில்லை. கறந்து முடித்ததும் வரிசையாகப் போய்த் தொட்டியில் மடமடவென்று குடித்தன. அடுத்த வாரமும் கரண்ட் போனது, அன்றும் அப்படியே.

"கரண்ட் இல்லாதப்ப சாதுவா இருக்குதுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு."

"மாட்டுக்குக் கரண்ட் வந்தா என்ன, போனா என்ன?"

"கூப்பிடுன்னா கூப்பிடுடா."

வந்த எலக்ட்ரீஷியன் மோட்டாரை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையை ஈரத்தரையிலும் வைத்தார். முள் நகர்ந்தது.

"லேசான கரண்ட் கசிவும்மா. ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கீங்க, உங்களுக்குத் தெரியல. அதுங்க நாலு காலும் ஈரத்துல நிக்குது. தொட்டியில வாய் வெச்சாலும், மெஷினை மாட்டினாலும் உடம்பு முழுக்க ஓடும்."

மோட்டாரின் எர்த் கம்பி கழன்று கிடந்தது. அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். தம்பி வீட்டுக்குள் போனான்.

சரியாகிவிட்டது என்று மாடுகளுக்கு யார் சொல்வது? மூன்று வாரம் வாசலில் தயங்கின. ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தடவி உள்ளே கூட்டிவந்து, தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்து காட்டினாள். பிறகுதான் பால் ஏறியது.

"நாளைக்கு நான் கறக்கறேன். நீ தூங்குக்கா," என்றான் தம்பி ஒருநாள், முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்துவிட்டது. கொட்டகையில் அவன் மாடுகளோடு மெல்லப் பேசுவது கேட்டது. அவள் எழவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.