பதினேழாவது கோட்டில் வந்த வளைவு

பதினேழாவது கோட்டில் ஒரு சிறு வளைவு தெரிந்தது. அங்கிருந்துதான் என் நோய் தொடங்கியது, அல்லது அங்கேதான் முதலில் வெளியே தெரிந்தது.

ஏர் ரைபிளின் மரக் கைப்பிடி வழுக்காமலிருக்க, அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வெட்டுவது என் தொழில். செக்கரிங் என்பார்கள். உளியில் இரண்டு பல்வரிசை. ஒன்று ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தில் ஓடும். மற்றது பக்கத்தில் அடுத்த கோட்டை வெட்டும். ஒரு கோடு வளைந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வளையும். மில்லர்புரம் வீட்டின் பின்னறையில் இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் கோடு வளையாது என்ற திமிரும் இருந்தது.

அதனால் உளியைத் திட்டினேன். புது உளி வாங்கினேன். பிறகு மரத்தைத் திட்டினேன். ஒரே இழுப்பில் வரவேண்டிய கோடு குட்டிக் குட்டியாக வந்தது. கை பாதியிலேயே களைத்தது.

என் கணவர் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, “ஏளா, ஒன் கட்டவெரலு ஏன் சும்மா ஆடிக்கிட்டே இருக்கு?” என்று கேட்டார். உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று எரிந்து விழுந்தேன். ஆனால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முதலில் பார்த்த மருத்துவர் தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார். அழகாக வரைந்தேன். அவர் பாராட்டினார், நான் பல்லைக் காட்டினேன். நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சுருளை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது. சுண்டுவிரலை மேசையில் ஊன்றி, இடது கட்டைவிரலால் வலது ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டு, உளி பிடிக்கிற மாதிரியே பேனாவைப் பிடித்திருக்கிறேன். இருபது வருடப் பழக்கம் நோயை மூடி மறைத்துவிட்டது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மருத்துவர் முன்னால் கெட்டிக்காரத்தனம் காட்டாதீர்கள்.

எட்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர். இந்த அம்மா கைகளை மடியில் போடச் சொல்லி, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார். தொண்ணூற்றொன்றில் என் கட்டைவிரல் தானாக உருண்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறுத்த முடியவில்லை.

நடுக்கவாதம் (உடல் அசைவுக்கு வேண்டிய ஒரு ரசாயனம் மூளையில் குறைந்துகொண்டே போகும் நோய்). முன்பே வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று கேட்டேன்.

“முன்னாடியே வந்திருந்தாலும் நோய் இதேதான்மா, குணமாகாது. ஆனா அந்த எட்டு மாசமும் மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா வேலை செஞ்சிருக்கலாம்” என்றார்.

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

இப்போது என் நாளில் மணிக்கணக்கு வேறு. மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் கை என்னிடம் வரும். இரண்டரை மணி நேரம் இருக்கும், பிறகு போய்விடும். கோடு வளைந்துபோன அந்தப் பழைய கைப்பிடியை மறுபடி எடுத்தேன். மரத்தில் ஒரு வசதி உண்டு. நேராக இருந்த பதினாறாவது கோட்டுக்குத் திரும்பிப் போய், ஒற்றைப் பல்வரிசை உளியால் அடுத்த கோட்டைச் சரிசெய்து கொள்ளலாம். மூன்று நாளில் நான்கு கோடுகளைத் திருத்தினேன்.

ஐந்தாவதில் கை நகராமல் நின்றது. அந்தோணி, “ஏளா, நான் புடிக்கட்டா?” என்று என் விரலின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கிரேன் ஓட்டுகிற கை, அழுத்தம் கூடிவிட்டது. உளி வழுக்கி, நான்கு கோடுகளையும் கீறிக்கொண்டு போனது. கண்டபடி ஏசினேன். அவர் விரலை எடுக்கவில்லை. அப்போதுதான் அழுதேன்.

மரத்தில் மறுபடி பதினாறாவது கோட்டுக்குப் போகலாம். என் உடம்பில் அந்தக் கோடு எங்கே என்று தெரியவில்லை. மாத்திரை போட்டாயிற்று. கை வர இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. உளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.