ஜெனரல் சொன்ன ‘வரேன்’

சனிக்கிழமைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நான் போர் நடத்துவேன். தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு ‘போர்க்களம் கற்றுத்தரும் தலைமைத்துவம்’ என்று மூன்று மணி நேர வகுப்பு. ஆயுதம் ஒரு வெள்ளைப் பலகையும் வற்றிப்போன மார்க்கரும். பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில்கூடச் சேராதவன் நான். தீபாவளி வெடிக்கே காதைப் பொத்திக்கொள்வேன். ஆனால் போர்ப் புத்தகங்கள் அலமாரி நிறைய உண்டு.

வகுப்பின் முதல் பாடம்: கட்டளைக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும். கேட்டவன் தப்பாகப் புரிந்துகொண்டால் குற்றம் சொன்னவனுடையது. இரண்டாவது பாடத்துக்கு நம் ஊர்க் கதையே போதும். வெள்ளைக்காரன் சிங்கப்பூரில் பீரங்கிகளைக் கடலைப் பார்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தான். ஜப்பான்காரன் வடக்கே இருந்து சைக்கிளில் வந்தான். பீரங்கிகளில் சிலவற்றைத் திருப்ப முடிந்தது, குண்டுகள்தான் பெரும்பாலும் கப்பலை அடிப்பதற்கானவை என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். நானும் திருத்துவேன். திருத்தும்போது எனக்கு ஒரு அங்குலம் உயரம் கூடும்.

நான் இருப்பது கிள்ளானில், தாமான் என்று நாங்கள் சொல்லும் தாழ்வான ஒரு குடியிருப்பில். எங்கள் வரிசை மாடிவீடுகள், எதிர்வரிசை ஒற்றைத்தட்டு வீடுகள். எனக்கு நேர் எதிரே ஓர் அங்கிள், பணி ஓய்வு பெற்ற லோரி டிரைவர். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூரில். இடது முட்டி மடங்காது. என் வகுப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் ஜெனரல்தான். “ஜெனரல், இன்னிக்கு எந்த நாட்டப் புடிச்சீங்க?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு என்னைத் தலைவராக்கியதும் அவர் செய்த கிண்டல்தான். எனக்கு அது கிண்டல் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, ஒரு காலையில் ஆற்றுப்பக்கத்துச் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. நான் குழுவில் எழுதினேன்: “யாரும் பதற வேண்டாம். வீட்டைவிட்டு நகர வேண்டாம். நிலைமையை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.” எழுதிவிட்டு மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மனைவியின் பூந்தொட்டி மண்ணையெல்லாம் அரிசிச் சாக்குகளில் அள்ளி வாசல் கேட்டை அடைத்தேன். ஆறு அந்தப் பக்கம்தானே. அணை கட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றபோது பின்னால் களக் களக் என்று சத்தம். கழிவறைக் குழி வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பதினோரு வருடமாக நான் எந்தப் பீரங்கியைப் பார்த்துச் சிரித்தேனோ, அதை என் வாசலிலேயே நட்டு வைத்திருந்தேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் போர்ப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். நான்கு நடை. ஐந்தாவது நடையில் மனைவி படியில் மறித்தாள்.

“ஏங்க, அரிசி கீழ கெடக்கு. உங்க பிரஷர் மாத்திரை கீழ கெடக்கு. ஜப்பான் மட்டும் மேல போயிடுச்சு.”

மாத்திரையை எடுக்க இறங்கினால் தண்ணீர் முழங்காலில் நின்றது.

மாடிச் சன்னலிலிருந்து பார்த்தேன். எதிரே அங்கிள் கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். தெரு எங்கள் வீட்டைவிடத் தாழ்வு. அவருக்குத் தொடையளவு தண்ணீர். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மழைச் சத்தத்தில் எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு கத்தினேன்:

“அங்கிள்! வரேன்!”

அவர் கையை உயர்த்தித் தலையாட்டினார். கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது.

கீழே இறங்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. கயிறு தேடினேன் என்று மனைவியிடம் சொன்னேன். கயிறு பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. மீதி நேரம் மாடிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. வரலாற்றில் எத்தனையோ தளபதிகளைக் கோழை என்று பலகையில் எழுதியிருக்கிறேன். அவர்களும் இப்படி எங்காவது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மீன் வைக்கும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது தண்ணீர் நெஞ்சில் இடித்தது. எதிர்வீட்டுக் கேட் திறந்து கிடந்தது. அங்கிள் இல்லை. கதவும் திறந்திருந்தது. உள்ளே குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து மிதந்தது. அதன் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு.

“அங்கிள்” என்றேன். அப்புறம் இன்னும் சத்தமாக. அறை அறையாகக் காலால் துழாவினேன். ஒவ்வொரு முறை கால் எதிலாவது பட்டபோதும் எனக்கு உயிர் போய் வந்தது. தலையணை. நாற்காலி. அரிசி வாளி. தெருமுனையில் பெரிய கால்வாய் இருக்கிறது. மடங்காத முட்டியோடு ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் நின்றிருக்க முடியும்? காலையில் நகர வேண்டாம் என்று எழுதியது நான். வரேன் என்று சொல்லி நிற்க வைத்ததும் நான்.

திரும்பிப் போகவும் முடியவில்லை, இழுப்பு அதிகமாகிவிட்டது. அவர் வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அவர் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். எதுவும் கூடிவரவில்லை. எல்லா வாக்கியமும் ‘நான்’ என்றே ஆரம்பித்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படகோடு வந்த மலாய் மீனவர் ஒருவர் என் கையைக் கம்பியிலிருந்து விரல் விரலாகப் பிரித்தார். “நாயிக் பாஸ், நாயிக் லா,” ஏறச் சொன்னார். இன்னொருவர் இருக்கிறார் என்று அழுதேன். அவர் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, யாரும் இல்லையென்று தலையை ஆட்டினார். போகிற வழியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து மனைவியையும் இறக்கிக்கொண்டோம்.

தமிழ்ப்பள்ளி மாடிதான் நிவாரண இடம். படியேறியதும் முதல் வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில், இடது காலை நீட்டிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு அங்கிள் உட்கார்ந்திருந்தார். கையில் தே ஓ, பால் விடாத தேநீர். பாதி சட்டையில் சிந்தியிருந்தது.

“வாங்க ஜெனரல். இவ்வளவு லேட்டா?”

“உங்கள நிக்கச் சொன்னேனே அங்கிள். வரேன்னு சொன்னேனே.”

“ஆமா, சொன்னீங்க. வரேன்னுட்டு நீங்க கெளம்பிட்டீங்கன்னு நெனச்சேன். காலைல நகராதன்னு நீங்க சொன்னதுக்காகத்தான் அதுவரைக்கும் நின்னேன். ஜெனரலே ஓடிட்டாரு, இனி சோல்ஜருக்கு என்ன வேலைன்னு பின்சந்து மேட்டுல சுவத்தப் புடிச்சிக்கிட்டே வந்துட்டேன். ரெண்டு தடவ விழுந்தேன்.”

சிரித்தார். நான் அந்தக் குட்டி மேசைமேல் உட்கார்ந்து, பிள்ளைகளின் படங்கள் ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்லாமல் வரேன் என்று சொல்கிற வழக்கம்தான் அந்த மனுஷனைக் காப்பாற்றியிருக்கிறது. நான் நினைத்த அர்த்தத்தில் புரிந்துகொண்டிருந்தால், நான் கயிற்றோடு குளியலறையில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவர் எனக்காக நின்றிருப்பார். நின்றே போயிருப்பார்.

குளியலறையைப் பற்றி அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வகுப்பிலும் சொல்லவில்லை. முதல் பாடத்தை மட்டும் பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன். மார்க்கர் வற்றிவிட்டது என்று நினைத்து யாராவது புதிது எடுத்து நீட்டுகிறார்கள்.

இப்போது வானம் கறுத்தால் நான் யாருக்கும் எதுவும் எழுதுவதில்லை. ஒரு துளி விழுவதற்கு முன்பே தெருவைத் தாண்டி அவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுகிறேன், கார்ச்சாவியோடு.

“என்ன ஜெனரல்,” என்பார் உள்ளேயிருந்து, “மழ வர்றதுக்கு முன்னாடியே சரண்டரா?”

“ஆமா அங்கிள். செருப்பப் போடுங்க.”