பிணமாக நடித்தவளின் சிரிப்பு

திரைப்பட ஆவணக் காப்பகத்தின் மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்து, திரைப்பட ஒப்பனைக்காரனாகவே முதுமை எய்தியவன் எழுதுவது. பக்திப் படங்களில் இறைவனுக்கு நீலம் பூசியிருக்கிறேன். சண்டைப் படங்களில் நெற்றிகளில் காயம் வரைந்திருக்கிறேன். பேய்ப் படமொன்றுக்காகத் தனுஷ்கோடியில் ஒரு பெண்ணின் முகத்தை வெளுத்தபோது, காற்று மணலை அள்ளி அப்பியது. பேய்க்கு அதுவே பொருத்தமென்று இயக்குநர் விட்டுவிட்டார். நகைச்சுவைப் படங்களில் வேர்வைக்கு நழுவும் மீசைகளை ஒட்டுவதே பெரும்பாடு. காதல் படங்களில் வேலை குறைவு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவரை, காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் செய்து, அதையும் பதிவு செய்த பின்னரே அனுப்புவோம். நடித்த சாவு நடித்தவரைத் தொடரலாகாது என்பதற்காக.

சென்ற ஆண்டு பாம்பன் அருகே ஒரு குடும்பப் படம். பிணமாக நடிக்க வேண்டிய அம்மையார் வந்து சேரவில்லை. எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த என் மனைவியை இயக்குநர் கேட்டார். மறுவாரம் மதுரையில் அவளுக்கு இதய அறுவை. நான் மறுக்குமுன் அவள் இசைந்துவிட்டாள்.

"சும்மா படுத்துக் கெடக்கத்தானே சொல்றாக? வீட்டுல அதுக்கு எங்க விடுறீக?"

அவள் உதட்டில் வெளுப்பைத் தடவ என் கை வரவில்லை. ஆயினும் தடவினேன்.

காட்சி முடிந்ததும், பொழுது சாயுமுன் அடுத்த இடத்தில் எடுக்க வேண்டுமென்று அனைவரும் விரைந்தனர். கேமரா வண்டியேறிவிட்டது. சிரிப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். நான் வண்டியின் முன்னே போய் நின்றேன். உதவி இயக்குநர் கடிந்துகொண்டார். ஒளிப்பதிவாளர் இறங்கி, கேமராவைத் தோளில் ஏற்றினார்.

அவளுக்கோ சிரிப்பு வரவில்லை. ஒருமுறை சிரித்துவிடு என்று கெஞ்சினேன். அவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஆபரேசனுக்குப் போறவ நானு. நீங்க ஏன் இப்படி வெளுத்துப்போயி நிக்கிறீக? உங்களுக்கு யாரு மேக்கப்பு போட்டது?"

ஒளிப்பதிவாளர் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதைக் கண்ட பிறகே அவள் பல் தெரியச் சிரித்தாள்.

அறுவை நலமாக முடிந்தது. அது மருத்துவர்களின் திறமை. நான் வாதிட மாட்டேன். ஆனால் அச்சிரிப்பைப் படத்தில் சேர்ப்பதில்லை. கேட்டுப் பார்த்தேன், அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆகையால் இவ்விவரத்தையேனும் தாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.