ஆம்பூரில் நான் படித்த கட்டுரை

சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஆம்பூருக்குப் போய்வந்தேன். வேலூரில் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்துகிறேன். எங்கள் துறையும் ரசாயனத் துறையும் சேர்ந்து, இயந்திரம் வந்தால் மனிதர் பிழைப்பு என்னாகும் என்று பேச, அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். இங்கிலீஷில் கட்டுரை படிக்க அழைத்ததும் தலைகால் புரியாமல் ஒப்புக்கொண்டேன்.

வேலூரிலிருந்து காட்பாடிக்கு ஜட்கா நாலணா. ஏழேகாலுக்குப் பாசஞ்சர்; மூன்றாம் வகுப்பு ஒன்பதரை அணா, முப்பது மைலுக்குக் கொஞ்சம் மேல். வலப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. குடியாத்தத்தில் ஏறிய ரசாயன ஆசிரியர், "தோல் ஷாப்பு முதலாளிங்களும் வர்றாங்க சார்" என்றார். பையிலிருந்த கட்டுரையை எடுத்து மறுபடி புரட்டினேன்.

காரணம் இதுதான். என் தாய்மாமா தேவசகாயம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறார். தோல் ஊறும் தொட்டியின் ஆவாரம்பட்டைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, துவர்ப்பு போதுமா என்று சொல்பவர் அவர்தான். அதற்கு முந்தின மாதம் எனக்குச் சுற்றிக் காட்டி, "தொட்டிக்குப் பதினாலு பேருப்பா" என்று எண்ணியும் சொன்னார். இன்ஜினில் சுழலும் பீப்பாயும் துவர்ப்பை அளக்கும் கண்ணாடி மானியும் வந்தால் ஐந்து பேர் போதும், நாக்கு வேண்டாம் என்று அதையே வைத்துக் கட்டுரையில் எழுதிவிட்டேன்.

ஆம்பூரில் ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆய்ட்ச்சு? நாத்தம் ஜாஸ்தியா? போவப்போவ பழகிடும்." நாற்றமாக இருந்திருந்தால் தேவலை.

மண்டபத்தில் கடைசி வரிசையில் மாமா, நான் படிப்பதைப் பார்க்க வந்திருந்தார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. முன்வரிசையில் அவருடைய முதலாளி. தொட்டியைப் பற்றிய பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டுப் படித்து முடித்தேன். தப்பித்தோம் என்று நினைக்கும்போதே முதலாளி எழுந்து இங்கிலீஷில் கேட்டார்: இன்ஜின் வந்தால், பதினாலு பேர் வேலைக்கு எத்தனை பேர் போதும்?

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் புத்தி, கேள்வி கேட்டதும் பதில் வந்துவிட்டது. ஐந்து என்றேன். அவர் குறித்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாத மாமாதான் கடைசிவரை தட்டினார்.

வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளியே எழுந்து நின்னு உன்ன கேட்டாரே! இன்னா கேட்டாரு?"

"சும்மா, தொட்டி வேலையப் பத்தி, மாமா."

"நாக்குல வச்சுப் பாக்கறத சொன்னியா?"

"சொன்னேன்."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

திரும்பும் வண்டி ஐந்து நாற்பதுக்கு. ஸ்டேஷன் அரை மைல்தான், நடந்தே போகலாம். கட்டுரை படிக்கப் போகிறவர்களுக்கு ஒரே யோசனை: அது யாரைப் பற்றியதோ, அவரிடம் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். நா எழவில்லையென்றால் டிக்கெட் வாங்காதீர்கள். நான் திரும்பி வந்து பதினோரு நாள் ஆகிறது. நேற்று மாமாவிடமிருந்து கார்டு வந்தது. மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன், இன்னும் படிக்கவில்லை.