திருப்பதியில் வாங்கிய துப்பாக்கி

இரண்டு மாதத்துக்கு முன்னால் திருப்பதிக்குப் போய் ஒரு துப்பாக்கி வாங்கி வந்தேன்.

பதற வேண்டாம்... மரத் துப்பாக்கி. இத்தனை வாரமாக உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. முடிவு தெரியாத விஷயத்தை எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. போன வியாழக்கிழமை ஒரு கார்டு வந்தது. எழுதுகிறேன்.

என் மாப்பிள்ளை கோவிந்தசாமி சித்தூரை அடுத்த குடிபாலா ஊர்க்காரர். பட்டாளத்தில் ஹவில்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. பதினேழு வருஷமாக அவர் தொட்டது ‘த்ரீ நாட் த்ரீ’ ரைபிள் ஒன்றைத்தான். இப்போது பட்டாளம் அதை மாற்றுகிறது. புது ரைபிள் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை இழுத்தால் போதும்.

பழையது அப்படியா? ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் வலது கை ‘போல்ட்’ என்ற கம்பியைப் பிடித்து மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்க வேண்டும். நான்கு அசைவு. பத்துத் தோட்டாவுக்கு நாற்பது. பதினேழு வருஷத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் நிறைந்ததும் பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

லீவில் வந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. என் மகள் சரோஜாதான் விஷயத்தை வெளியே எடுத்தாள். புது ரைபிள் பரீட்சையில் அவர் தேறவில்லை! ஒவ்வொரு முறை சுட்டதும் வலது கை பிடியை விட்டுவிட்டு, அங்கே இல்லாத போல்ட்டைத் தேடிக் காற்றில் போகிறதாம்.

“இன்னா ஹவில்தார், கொசு புடிக்கிறியான்னு கேட்டாரு மாமா எங்க ஆபீசரு. நான் கத்துக்குடுத்த பசங்கல்லாம் பின்னால நின்னுக்கினு சிரிக்கிறானுங்க.”

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் வாத்தியார் வேலை போய்விடும். ஸ்டோர் ரூமில் பூட்ஸ் எண்ண வேண்டியதுதான். எண்ணுவது கேவலமா என்று கேட்க வாயெடுத்தேன். மகள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

எனக்குக் கோபம். நன்றாக இருக்கும் துப்பாக்கியை எதற்கு மாற்ற வேண்டும்? யாரோ டில்லியில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்வதா?

“அப்டி இல்ல மாமா. எந்தப் பட்டாளமா இருந்தாலும் ரெண்டு மூணு தினுச வெச்சுப் பாப்பாங்க. சேத்துல போட்டு மிதிச்சுட்டு எடுத்துச் சுடுவாங்க. மணல்ல பொதைச்சு எடுத்துச் சுடுவாங்க. எத்தினி வாட்டி சிக்கிக்கிதுன்னு ஒருத்தன் பக்கத்துல குந்திக்கினு எண்ணிக்கினே இருப்பான்.”

அட, எனக்கென்றே ஓர் உத்தியோகம்! வயசு தாண்டிவிட்டது.

“நல்லா சுடறவன் கையில குடுத்துப் பாத்து எடுத்தா அது தப்பு மாமா. ரெண்டு நாளாத் தூங்காதவன், குளிர்ல கை வெறைச்சவன், பயந்துக்கினு இருக்கறவன்... அவன் கையில வேல செய்யணும். அப்பதான் எடுப்பாங்க.”

யோசித்துப் பாருங்கள். சர்க்கார் விண்ணப்பப் பாரங்களையும் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களையும் இப்படிச் சோதித்து எடுத்தால் நாடு எப்படி இருக்கும்? பாரத்தைச் சேற்றில்கூடப் போட வேண்டாம். பயந்த மனிதன் ஒருவன் கையில் கொடுத்துப் பார்த்தாலே போதும்.

சரி, புது ரைபிள் நல்லது என்று ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளை கையை என்ன செய்வது? நிஜ ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவர விட மாட்டார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் புது ரைபிளின் படத்தை அவரையே வரையச் சொல்லி, அளவெல்லாம் குறித்துக்கொண்டு, திருப்பதியில் மரப்பாச்சி செய்கிறவரிடம் போனேன். செம்மரம் இரும்பு மாதிரி கனக்கும் அல்லவா? செய்து முடித்ததும் தராசில் வைத்தோம். மாப்பிள்ளை சொன்ன எடைக்குக் கால் வீசைகூடக் குறையவில்லை.

“நம்மகிட்ட எப்பவும் ஜோடிதான் சாரு, ஆணும் பொண்ணுமா. இதுக்கு ஜோடி இன்னா, பீரங்கியா?” என்றார் அவர்.

வேட்டியில் சுற்றி எடுத்து வந்தேன். முனை வெளியே தெரிந்தது. சித்தூர் வரை பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டில் யாரும் உட்காரவில்லை.

பின்கட்டில் பயிற்சி. சரோஜா பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவாள் — அதுதான் வெடிச் சத்தம். நான் எண்ணுவேன். முதல் நாள் ஐம்பது தட்டு. ஐம்பது தடவையும் கை காற்றில் போயிற்று. இரண்டாம் நாளும் ஐம்பது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

“வுடு சரோஜா. பூட்ஸே எண்ணிக்கிறேன்.”

அவள் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, “நீங்க தட்டுங்க” என்றாள். ஐம்பது தட்டினார். அவள் கை ஒரு தடவைகூட அசையவில்லை.

“ஒனக்கு மட்டும் எப்டி?”

“எனக்கு மறக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே! நீங்க புதுசா ஒண்ணும் கத்துக்கத் தேவையில்ல. பழசத்தான் வுடணும்.”

அப்புறம் ஒரு புளியங்கொட்டையை அவர் உள்ளங்கைக்கும் துப்பாக்கிப் பிடிக்கும் நடுவில் வைத்தாள். “கை நவுந்தா கொட்ட வுழும். நைனா, நீ வுழுந்தத மட்டும் எண்ணு.”

நான்காம் நாள் நாற்பத்தாறு விழுந்தது. பத்தாம் நாள் முப்பது. பன்னிரண்டாம் நாள் மறுபடியும் முப்பத்தொன்பது... அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவு முடிகிற அன்று நான்கு.

“இன்னும் நாலு இருக்குதே” என்றேன்.

“நாப்பத்தாறு போச்சே, அத்த எண்ணலியா நைனா?” என்றாள் மகள்.

மாப்பிள்ளை கையை எப்படிக் குறை சொல்வேன்? திருத்தணி எங்கள் சித்தூர் ஜில்லாவை விட்டு, எல்லை தாண்டி மதராஸ் பக்கம் போய் எத்தனை நாளாயிற்று! அங்கே இருக்கும் என் தம்பிக்குக் கடிதம் எழுதினால் கை இன்றைக்கும் ‘சித்தூர் ஜில்லா’ என்றுதான் எழுதுகிறது. இந்த வருஷம் மட்டும் பதினோரு கவர் அடித்துத் திருத்தியிருக்கிறேன். தலையில் எல்லை மாறிவிட்டது. கையில் மாறவில்லை.

இனி, அந்தக் கார்டு. மாப்பிள்ளை எழுதியிருந்தார்:

‘மாமா அவர்களுக்கு நமஸ்காரம். தேறிவிட்டேன். ஒரே ஒரு தடவை கை போயிற்று. ஆபீசர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் வேலை நிலைத்தது. ஆனால் புதுப் பையன்களை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நாற்பது பழைய ஹவில்தார்கள். கை எங்கே போகும் என்று உனக்குத்தான் தெரியும் என்றார் ஆபீசர். முதல் நாள் நாற்பது கையும் காற்றில் போயிற்று. நான் யாரையும் கொசு பிடிக்கிறாயா என்று கேட்கவில்லை. இன்று முப்பத்துநான்கு.’

பதில் போட்டுவிட்டேன். வாரம் ஒரு கார்டு எழுதுங்கள் மாப்பிள்ளை, க்ஷேமம் விசாரிக்க வேண்டாம்... எண்ணிக்கை மட்டும் போதும்!