பன்னிரண்டாம் பக்கம்

ஸ்பெயின் நாட்டுக் கோர்ட்டுத் தீர்ப்புகளைச் செங்கல்பட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் வேலை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தபோது ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார்கள். கம்பெனி மூடிவிட்டது, மொழி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை நான் ஏதோ டைப்பிங் செய்வதாகத்தான் நினைக்கிறார். அதுவும் முழுப் பொய் இல்லை.

இந்த வேலையில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுவார்கள். 'சென்டென்சியா' என்றதும் தண்டனை என்று எழுதிவிடுவார்கள். அது தீர்ப்பு. விடுதலையாகி வீட்டுக்குப் போகிறவனுக்கும் ஒரு சென்டென்சியா உண்டு. தண்டனைக்குத் தனிச் சொல், மேல்முறையீடு இல்லாமல் இறுதியாகிவிட்ட தீர்ப்புக்குத் தனிச் சொல். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான் எங்கேயும் வழுக்கியதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

போன வருடம் ஒரு காலையில் கோவளத்திலிருந்து என் சின்னம்மா வந்தாள். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறவள். லீவு போட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் மகன், எனக்குத் தம்பி முறை, கப்பலில் சமையல்காரன். ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் கரையிறங்கிய அன்று கைகலப்பாகி, எதிராளிக்குத் தாடை உடைந்து, எட்டு மாதமாக அங்கே ஜெயிலில் இருந்தான். வாரத்துக்கு ஐந்து நிமிடம் போன் பேசுவான். அதில் நான்கு நிமிடம் சின்னம்மா அழுவாள்.

"இத இன்னான்னு பாரு. அந்த வக்கீல் போன்ல அனுப்பிச்சிகீறான்" என்று போனை நீட்டினாள்.

தீர்ப்பு. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார் அரசு கொடுத்த வக்கீல். கீழே ஸ்பானிஷில் ஒரு வரி: குடும்பம் சொல்கிறபடி செய்யலாம் என்கிறான் பையன், மேல்முறையீடு வேண்டுமா, பத்து நாளில் சொல்லவும். வந்து எட்டு நாளாகியிருந்தது.

"எட்டு நாளா இன்னா பண்ணிகினு இருந்த?"

"கோர்ட்டுப் பேப்பர்தான? வாய்தாவா இருக்கும்னு வுட்டுட்டேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. படாளத்துப் பக்கம் அவள் மாமனார் காலத்து நிலத்துக்கு ஒரு கேஸ் பல வருடமாக நடக்கிறது. வருகிற பேப்பர் எல்லாம் அடுத்த வாய்தாவுக்குத்தான். ஒன்றுக்கும் அவர்கள் பதில் சொன்னதில்லை, அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கோர்ட்டு என்றால் அதுதான் பழக்கம். எனக்கு மட்டும் பதற்றம் தலைக்கேறிவிட்டது. கெடு என்றால் என்னவென்று தெரிந்தவள் இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதானே.

திறந்த படங்களில் கடைசியாக இருந்ததற்குத் தாவினேன். குற்றவாளி என்று தீர்மானித்து, ஒன்றரை வருடம் சிறை. படித்துச் சொன்னதும் சின்னம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரின் சிறை வருடங்களை டீ குடித்துக்கொண்டே டைப் அடித்தவள் நான்.

அங்கேயே நின்றபடி வக்கீலுக்கு எழுதினேன். மேல்முறையீடு செய்யவும் என்று, சட்ட நடையில், ஒரு பிழையில்லாமல். அந்த மனிதர் என் ஸ்பானிஷைப் பார்த்து, இவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும். மறுகேள்வி கேட்கவில்லை. மறுநாளே தாக்கல் செய்துவிட்டதாகப் பதில் வந்தது. இரவு என்னோடு தங்கியிருந்த சின்னம்மா என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். வழக்கமாகப் பொய்யாக அடக்கம் காட்டுவேன், அன்று அதையும் காட்டவில்லை.

தீர்ப்பை முழுதாகத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று சொல்லி, படங்களை என் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் தீர்ப்புகள் கையில் இருந்ததால் ஒரு வாரம் கழித்துத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தீர்ப்பும் முடிகிற இடத்தில் ஒரு வாசகம் வரும்: இதுவே எங்கள் தீர்ப்பு, இவ்வாறு அறிவித்து, ஆணையிட்டு, கையொப்பமிடுகிறோம். எத்தனை முறை மொழிபெயர்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த வாசகம் இதில் இல்லை. பக்கத்தின் மூலையைப் பார்த்தேன். பன்னிரண்டில் பதினொன்று என்று போட்டிருந்தது.

வேலை வந்ததும் முதலில் பக்கத்தை எண்ணுவது என் வழக்கம். அந்நியர்களுக்கு ஒரு நாளும் எண்ணாமல் விட்டதில்லை.

அன்றைக்கே கோவளம் போனேன். சின்னம்மாவின் போனில் கடைசிப் படம் இறங்காமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. போனில் இடமில்லை. ரோஜாப்பூவும் பைபிள் வசனமும் போட்ட காலை வணக்கங்கள் நிறைந்திருந்தன. ஐம்பது அறுபதை அழித்ததும் பன்னிரண்டாம் பக்கம் இறங்கியது. வெளிநாட்டவர் என்பதால் சிறைத் தண்டனைக்குப் பதிலாக நாட்டைவிட்டு வெளியேற்றவும். தீர்ப்பு இறுதியானதும் நிறைவேற்றவும்.

இறுதியானதும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறவரை இறுதியாகாது. ஆகாதவரை அவன் உள்ளே.

சின்னம்மாவிடம் சொன்னேன். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

"அப்போ நாம சும்மா இருந்திருந்தா புள்ள வூட்டுக்கு வந்திருக்குமா?"

"ஆமா."

"நான் சும்மாதான இருந்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேல்முறையீட்டை வாபஸ் வாங்கச் சொல்லி அவள் வீட்டு வாசலிலிருந்தே எழுதினேன். அதற்குப் பையன் ஜெயிலில் கையெழுத்துப் போட வேண்டும், கோர்ட்டு ஏற்க வேண்டும், பிறகு தேதி குறிக்க வேண்டும். ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் வந்த வேலைகளில் பக்கங்களை மூன்று முறை எண்ணினேன். எண்ணி என்ன.

வந்துவிட்டான். மெலிந்திருந்தான், தலையில் நரை தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் எல்லோருக்கும் வஞ்சிரம் வறுத்து அவனே பரிமாறினான். அப்பீலால்தான் தாமதமானது என்று சின்னம்மா அவனிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் அவனே ஆரம்பித்தான்.

"தீர்ப்பு வந்த அன்னிக்கு செத்துடலாம் போல இருந்திச்சிக்கா. இன்னா எழுதிகீதுன்னே புரில, வூட்ல கேட்டு செய்யின்னு மட்டும் வக்கீலுக்குக் காட்டினேன். அப்புறம் வக்கீல் வந்து, உனக்காக ஊர்லேர்ந்து அப்பீல் போட்டுகீறாங்கன்னு சைகைல சொன்னான். அதுக்கப்புறந்தான் சோறே எறங்கிச்சி. பின்னால அவன் நீட்டின பேப்பர்லயும் இன்னான்னு கேக்காம கையெழுத்துப் போட்டேன். யாருக்கா போட்டது?"

சின்னம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான்தான்டா. அதனாலதான் உனக்கு ஆறு வாரம்..." என்றேன்.

"தெரியும்க்கா. நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லி, மிச்சத்தைக் கேட்காமலே, தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான். முள்ளைக்கூட எடுத்துவிட்டுத்தான் வைத்தான். நான் அதைத் தின்றேன்.