மிஷின் நின்றால் தூங்கும் குழந்தை

எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருப்பவளுக்குப் பட்டன் என்று பெயர். யார் வைத்த பெயரோ; உருண்டை முகத்தையும் குள்ள உருவத்தையும் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. தையல் நேர்த்தியாக இருக்கும். சொன்ன தேதிக்குத் துணி கொடுத்ததாகத்தான் சரித்திரம் இல்லை. எப்போது போனாலும் பல்லில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, “நாளைக்கு வாங்க” என்பாள்.

அவள் தலைப்பிள்ளையும் சொன்ன தேதிக்கு வராததால் தெருவே சிரித்தது. “சட்டை தர நாள் கடத்துறியே, வயித்துல இருக்கறது உன்னைப் பாத்துத்தானே கத்துக்கும்?” என்று பால்காரர்கூடக் கேட்டார். அவளும் சிரித்தாள். ஒரு வாரம் போனதும் போன் அடித்தாலே முகம் சுருங்கியது. “இன்னும் ஆகலையா?” என்பதைத் தவிர ஒருவருக்கும் வேறு பேச்சில்லை.

நாள் தாண்டுவது அதிசயமில்லை. பிரசவ வார்டிலேயே தலை நரைத்தவள் நான். குறித்த நாளில் வந்த குழந்தைகள் கொஞ்சம்தான். ஆனால் தாண்டிய பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வலி வரவைக்கலாம், வந்து சேருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாமியார்தான் தடுத்தார். கெட்டவர் இல்லை, மருமகளுக்குக் கால் பிடித்துவிடுகிற மாமியார். “எம்புள்ளையும் இப்படித்தான் லேட்டா வந்தான் நர்சம்மா. பழுத்தா தானா விழும். தடியால அடிக்கணுமா?” என்பார்.

அன்று காலை என் சட்டைக்காகப் போனேன், எத்தனையாவது தடவையோ. மிஷின் முன்னால் பட்டன் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் வைத்த பழைய மிஷின். ஓடினால் மேசையும் அதன்மேல் இருக்கும் டீ டம்ளரும் சேர்ந்து நடுங்கும். அவள் வயிறு மேசை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு...” என்று ஆரம்பித்தாள்.

“சட்டை கிடக்கட்டும். உள்ள இருக்கறது அசையுதா?”

“ஓ, நல்லா! மிஷினை ஓட்டினாப் போதும், கிடுகிடுன்னு ஆடும். நிறுத்தினா தூங்கிடும். இப்பவே தொழில் பக்தி பாருங்க.”

ஓரமாக உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மாமியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஐயோ, நூல் அறுந்துடுச்சு!”

“அறுந்தா கோத்துக்கலாம். இப்படி இடது பக்கமா படு.”

துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் படுத்தாள். அவள் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கை அப்படியே கிடந்தது.

“மிஷின்கிட்ட இல்லாதப்போ கடைசியா எப்ப அசைஞ்சுச்சு?”

“நேத்து மத்தியானம்... இல்ல, அப்பவும் தைச்சுக்கிட்டுதான் இருந்தேன்.” சொல்லச் சொல்ல முகம் வெளுத்தது. “நர்சம்மா, அப்ப ஆடினது மிஷினா?”

மாமியாரோடு வாதாட நான் தயாராகத்தான் திரும்பினேன். அவர் பழத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கி, வந்த வண்டியைக் குறுக்கே நின்று மறித்தார்.

ஆஸ்பத்திரியில் துடிப்பு கேட்டது, ஆனால் சோர்ந்து. பனிக்குடத்து நீரும் குறைந்துபோயிருந்தது. உடனே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தோல் காய்ந்து உரிந்து, நகம் நீண்டு, கிழவி போல இருந்தாள். முதலில் அழவில்லை. அழத் தொடங்கியதும் நிறுத்தவில்லை.

வெளியே பெஞ்சில் மாமியார், “நான்தானே வேண்டாம்னு...” என்று ஆரம்பித்தார்.

“அதை அப்புறம் பேசலாம். கால்ல என்ன ரத்தம்? காட்டுங்க” என்றேன். கண்ணாடிச் சில்லு குத்தியிருந்தது. எடுத்துக் கட்டுப்போட்டேன்.

இப்போது பட்டன், குழந்தையைக் கடையிலேயே கூடையில் போட்டிருக்கிறாள். மிஷின் ஓடினால் தூங்குகிறது. நின்றால் விழித்துக் கத்துகிறது. தையல் நடுவே மிஷினை வேண்டுமென்றே நிறுத்துகிறாள். கூடைக்குள் கால் உதைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். உதைத்த பிறகுதான் அடுத்த தையல்.

இப்படித் தைத்தால் என் சட்டை எப்போது வரும்? நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.